மன்னாருக்குப் போன கத்தரிக்கோல்

மன்னாரில் நான் தங்கிய விடுதியின் வாசலில் என்னை வரவேற்று ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் என் முகமும், பக்கத்தில் டி.என்.ஏ.யின் முறுக்கேணியும் இருந்தன. ஏணி இடதுபக்கமாக முறுக்கியிருந்தது. நம் உடம்புக்குள் இருக்கும் ஏணி வலதுபக்கமாக முறுக்கியது என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நான் போன கருத்தரங்குகளில் பாதியிலாவது தப்பாகத்தான் படம் போட்டிருப்பார்கள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது. மன்னாரில் மட்டும் ஒரு கழுதை அந்த ஏணியைக் கீழிருந்து தின்ன ஆரம்பித்துப் பாதிவரை வந்திருந்தது. என் முகத்தைத் தொடவில்லை. இத்தனை வருடங்களில் என் ஆராய்ச்சியைப் பரிசீலித்த நிபுணர்களில் இவ்வளவு சரியாகத் தவறைக் கண்டுபிடித்தவர் வேறு யாரும் இல்லை.

மன்னாரில் கழுதைகளுக்குத்தான் முதல் மரியாதை. பஸ் வந்தாலும் நகராது, பாதிரியார் வந்தாலும் நகராது. எங்கள் திருச்சியில் மாடுகள் பார்க்கும் வேலையை இங்கே இவை பார்க்கின்றன, இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கின்றன.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. என்றாலே ஜனங்களுக்கு அப்பன் யார் என்று கண்டுபிடிக்கும் சமாசாரம்தான். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சந்தேகம் கேட்பார்கள். நான் மாணவியாக இருந்தபோது என் வழிகாட்டியே சிரித்தார். "டி.என்.ஏ. பீரோவில் பூட்டி வைத்த பத்திரம் அம்மா. பத்திரம் எங்கேயாவது எழுந்து வேலைக்குப் போகுமா?" என்றார். போகும். ஒற்றை இழையாகச் செய்து சரியான வடிவத்தில் மடங்கவிட்டால் அது ஒரு வினையூக்கி. தான் தேயாமல் இன்னொரு இழையை வெட்டிப்போடும். ஒரு துளித் தண்ணீரில் எண்ணிலடங்காத இழைகளை விட்டு, வெட்டத் தெரிந்ததை மட்டும் பொறுக்கி, பெருக்கி, மறுபடி பொறுக்கி, இப்படியே என் வாழ்க்கை போனது. என் வயதுக்காரர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். நான் ஒரு கத்தரிக்கோல் செய்தேன். தண்ணீரில் ஈயம் இருந்தால் மட்டும் அது வெட்டும். இல்லையென்றால் சும்மா கிடக்கும்.

சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் அந்தக் கத்தரிக்கோலைக் காகிதப் பட்டையில் ஏற்றியது. பட்டையைத் தண்ணீரில் நனைத்து, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் போதும். ஈயம் இருந்தால் சிவப்புக் கோடு தெரியும். அந்தப் பட்டைகளை எடுத்துக்கொண்டு மன்னார்ப் பக்கம் கிணறு கிணறாகப் போயிருக்கிறார்கள். எல்லாக் கிணறும் நல்ல கிணறு. முசலிப் பக்கம் ஒரே ஒரு கிணறு மட்டும் சிவப்பு. மூன்று தடவை பார்த்தும் சிவப்பு. நிறுவனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதையுமே கண்டுபிடிக்காத கருவியை யார் வாங்குவார்கள்? அந்தக் கிணற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும், அதை மூடச்சொல்லும் அறிக்கையில் கையெழுத்துப் போடவும் என்னை வரவழைத்திருந்தார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து என்னை ஓட்டோவில் கொண்டுவந்து சேர்த்தவர் அன்ரன். பேசாலைக்காரர், என் வயதுதான் இருக்கும். பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"டி.என்.ஏ. டொக்டரோ? புதைகுழி எலும்பு பாக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லை. தண்ணீர் பார்க்க வந்தேன்."

"ஓ." பையை இறக்கி வைத்தார். "சண்டையில காணாமல் போன என்ர அண்ணன்ர பெடியனைத் தேடுறம். அண்ணனிட்ட ஒருக்கா ரத்தம் எடுத்துக்கொண்டு போனவை. அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. அதுதான் கேட்டனான்."

என்னிடம் இருப்பது வேறு வேலை செய்கிற டி.என்.ஏ. என்று அந்த மனிதரிடம் விளக்குவதற்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தைப் போக்கத்தானோ என்னவோ சாயந்தரம் நிர்மலன் வந்து சேர்ந்தார். கொழும்பிலிருந்து வந்த திட்ட ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அட்டை, கையில் இரண்டு போன், வாயில் ஓயாத 'சமூகம்'. சமூகம் என்றால் யார் என்று கேட்டேன். "கிராமத்து ஆக்கள்தான்" என்றார். அவர்களை ஏன் ஆட்கள் என்று சொல்லக்கூடாது என்று கேட்டதற்குச் சிரித்தார். இந்தியாவிலிருந்து வந்த அம்மா மரக்கறிதான் சாப்பிடுவார் என்று அவராகவே முடிவு செய்து ஃப்ரைட் ரைஸ் சொல்லிவிட்டார். சுற்றிலும் கடல். தெரு முழுக்க மீன் வாசம். என் தட்டில் கேரட்.

மறுநாள் காலை வெள்ளை வானில், அதாவது வேனில், கிளம்பினோம். வானின் நான்கு பக்கமும் திட்டத்தின் சின்னம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டியதும் ஏசி நின்றது. முள்ளிக்குளத்துக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்துக்குத் திரும்பியபோது வானே நின்றது. பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. நிர்மலன் இறங்காமல் போனில் யாருக்கோ நிலைமையை ஆங்கிலத்தில் விவரித்தார். வயலிலிருந்து ஒருவர் லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துவிட்டு, நன்றிக்குக்கூட நிற்காமல் போனார். கிராமத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கெட்ட பெயர் அதற்கு ஏற்கனவே போதுமான அளவு கிடைத்துவிட்டது.

கிணறு றமீசாவின் வளவுக்குள் இருந்தது. ஊரில் எல்லோரும் அவரை ராத்தா என்றார்கள், அக்கா என்று அர்த்தம். ஐம்பதைத் தாண்டியவர், உரத்த குரல், ஒரு நிமிடம் சும்மா நிற்கமாட்டார். கிணற்றுக் கட்டில் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்களுக்கு வீடு தெரிவதற்கு முன்னால் அதுதான் தெரியும்.

"போரில ஊரை விட்டுப் போய் இருபது வருசத்துக்கு மேல புத்தளத்தில இருந்துபோட்டு வந்தனாங்கள் டொக்டர்" என்றார். "வந்து முதல்ல வீடு கட்டேல்லை. கிணறுதான் இறைச்சனாங்கள். தகரம், கல்லு, முள்ளுக்கம்பி, உள்ளுக்கு என்ன இல்லை! அடியில தண்ணி இனிச்சுது. சுத்திவர எல்லாம் உவர். இது மட்டும் உவராப் போயிருந்தா அப்பவே திரும்பிப் போயிருப்பம்."

அந்தத் தண்ணீரில் மாக் குழைத்து ஊருக்கே இடியப்பம் அவித்து விற்றவர். வீட்டுக்காரர் இறந்து பல வருடமாகிறது. இடியப்பத்தில்தான் குடும்பம் ஓடியது. சிவப்புக் குறி விழுந்த நாளிலிருந்து ஒருவரும் வாங்குவதில்லை. கடைசிவரை வாங்கிய பக்கத்து வீட்டுப் பரீதாவும் நிறுத்திவிட்டாள். கிணற்றை மூடிவிட்டு வடிகட்டும் இயந்திரம் வைத்துத் தருகிறோம் என்று திட்டக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரமும் அதே நிறுவனத்துடையதுதான் என்பதை நிர்மலன் எனக்கு வானில் பெருமையாகச் சொன்னார்.

"முதல்ல சாப்பிடுங்கோ. காலமையான் இடியப்பம் இருக்கு, மீன் சொதி இருக்கு" என்றார் றமீசா.

நான் கையை உயர்த்தித் தடுத்தேன். "சோதனை முடியட்டும்" என்றேன். ஆய்வகத்தில் மாணவர்களிடம் பேசுகிற குரல் அது. அவர் முகம் எப்படிப் போனது என்று நான் கவனிக்கவில்லை. பெட்டியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன். இதற்குள் வேலிப் பக்கம் ஊர் கூடிவிட்டது.

கையுறை போட்டுக்கொண்டு பட்டையை எடுத்தேன். குனிவதற்குள் ஒரு கை வந்து அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது.

"தாங்கோ, நான் பிடிக்கிறன். நீங்கள் போய் நிழல்ல கதிரையில இருங்கோ. வந்த ஆக்களை வெயில்ல வேலை செய்ய விடுற வழக்கம் எங்களிட்ட இல்லை. முந்தி சோதிக்க வந்த தம்பிமாரையும் நான் விடேல்லைத்தானே."

பட்டையின் நுனியை, எது படவே கூடாதோ அந்த நுனியை, விரல்களுக்கு நடுவில் பிடித்து வாளித் தண்ணீரில் முக்கினார். நன்றாக நனையட்டும் என்று கட்டைவிரலால் ஒரு தடவு தடவியும் விட்டார். நான் கதிரையில் உட்கார்ந்தபடியே சிவப்புக் கோடு வருவதைப் பார்த்தேன். எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது.

விஷயம் இதுதான். என் கத்தரிக்கோல் வெட்டுகிற இழையில், வெட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று, நடுவில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் ஆர்.என்.ஏ.யாக வைத்திருக்கிறோம். அந்தக் கண்ணியை வெட்ட ஈயமும் என் கத்தரிக்கோலும்தான் வேண்டும் என்றில்லை. மனிதத் தோலிலும் வியர்வையிலும் ஒரு நொதி இருக்கிறது. குழந்தையிலிருந்து கிழவர்வரை எல்லோர் விரலிலும் இருப்பது, ஒரு கெடுதலும் செய்யாதது. அது அந்தக் கண்ணியை ஒரே கடியில் துண்டாக்கிவிடும். இதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் வெறுங்கையோடு வருகிறவரைக் கொலைகாரரைப் போலப் பார்ப்போம். ஈயத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் அந்தப் பட்டைக்குத் தெரியாது. மற்ற வீடுகளில் கிணற்றிலிருந்து வரும் குழாய், திட்டக்காரர்கள் கையுறையோடு அவர்களாகவே நனைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இங்கே மட்டும் வாளி, அதோடு விருந்தாளியை வேலை செய்ய விடாத ஒரு மனுஷி. மூன்று தடவையும் அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார். உயிருக்கு ஆபத்தான கிணறு என்று முடிவு கட்டிய அத்தனை பேரும் நிழலில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்திருக்கிறார்கள்.

புதுப் போத்தலை நானே கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். கையுறையோடு பட்டையை நனைத்தேன். சிவக்கவில்லை. இன்னொன்று. சிவக்கவில்லை. கொண்டுவந்திருந்த ஈயக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், சிவந்தது. பட்டையில் பழுதில்லை, தண்ணீரிலும் பழுதில்லை. இவ்வளவு அழகான முடிவு எனக்கு ஆய்வகத்தில் எத்தனையோ வருடங்களாக வந்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"கிணற்றில் ஒன்றுமே இல்லை! எல்லாம் இவர் கையால் வந்தது!"

வேலிப் பக்கம் பரீதா ஒரு அடி பின்னால் போனாள். றமீசா இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப நஞ்சு என்ர கையிலயோ டொக்டர்?"

நான் சிரித்தேன். நஞ்சு இல்லை, நொதி என்று சொல்லி அதன் முழுப் பெயரையும் சொன்னேன். ரைபோநியூக்ளியேஸ். கேட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய பெயர். நிர்மலன் சமூகத்துக்குப் புரியும்படி எளிமைப்படுத்துகிறேன் என்று முன்னால் வந்து, "கையில இருக்கிற ஒரு கிருமி மாதிரி" என்றார். அத்தோடு முடிந்தது. கிணறு கெட்டது என்றால் வேறு கிணற்றுக்குப் போகலாம். இடியப்பம் அவிக்கிறவளுக்கு வேறு கை எங்கே கிடைக்கும்? வானில் ஏறும்போது அவர் எங்களை வழியனுப்ப வரவில்லை. அதைக்கூட நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஓய்வு. தலைமன்னாரைப் பார்க்கவேண்டும் என்று நிர்மலன் உத்தரவு போட்டிருந்தார். அவர் வானுக்கு டயர் மாற்றப் போனதால் நான் அன்ரனின் ஓட்டோவில் தப்பித்தேன். தலைமன்னாரில் தண்டவாளம் முடிகிறது, தெரு முடிகிறது, பழைய இறங்குதுறையும் கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் முடிகிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறி எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊருக்கு வர நான் ஆகாயத்தில் ஏறிக் கொழும்பில் இறங்கி வந்திருக்கிறேன். இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து யோசித்தால்தான் இப்படி ஒரு வசதியைச் செய்ய முடியும். கரையில் சூடை மீன் காய்ந்துகொண்டிருந்தது. இறங்குதுறையில் போய் நின்றதும் என் இந்திய சிம்முக்கு உயிர் வந்தது. உயிர் வந்த கையோடு நிறுவனத்தின் இயக்குநர் சிங்கப்பூரிலிருந்து அழைத்தார்.

கிணறு நல்ல கிணறு என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம்: பட்டை தவறு செய்யவில்லை, பயன்படுத்தியவர் தவறாகக் கையாண்டார் என்று எழுதுங்கள். அடுத்த சுற்று ஆய்வுவரை சிவப்புக் குறி அப்படியே இருக்கட்டும். கிணற்றுப் பக்கத்தில் எடுத்த படத்தை மட்டும் அனுப்பிவையுங்கள். "உங்கள் வாழ்நாள் உழைப்பு அம்மா. ஒரு கிராமத்துப் பெண்ணுக்காக இதைச் சிக்கலாக்க வேண்டாம்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு கடற்படைப் பையன் போனில் சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். விஷம் என்பதுபோல ஏதோ சொல் காதில் விழுந்தது. அன்ரனின் முகம் மாறியதைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

அன்ரன் தயங்கினார். "முசலிப் பக்கம் டியூட்டியில இருக்கிற கூட்டாளியோட கதைக்கிறான். அங்க ஒரு பொம்பிளையின்ர கை நஞ்சாம், தொட்டதெல்லாம் சிவக்குதாம், அந்தப் பக்கம் இடியப்பம் வாங்கிச் சாப்பிடாத எண்டு சொல்லுறான்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்ர மனுசியும் காலமை சொன்னவ. பேசாலையில எல்லாருக்கும் தெரியும் டொக்டர். இந்தியாவில இருந்து வந்த பெரிய டொக்டர் கண்டுபிடிச்சவவாம்."

நான் இருபத்துச் சொச்சம் வருடம் எழுதிய கட்டுரைகளை மொத்தமாக எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது. ஒரு பஸ்ஸை நிரப்பினால் பெரிய விஷயம். நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் ஒரு பகலுக்குள் பாலத்தைத் தாண்டித் தீவின் மறுமுனைக்கு வந்துவிட்டது. அத்தனை கிண்டலும் எனக்குள்ளேயே திரும்பியது. இயக்குநர் என்ன, நிர்மலன் என்ன, நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தெருவில் நிறுத்தியது நான்தானே.

"நாளைக்குக் காலையில் முசலிக்குப் போகவேண்டும்" என்றேன் அன்ரனிடம். "வானில் இல்லை, உங்கள் ஓட்டோவில்."

"ஓட்டோ எண்டா மணல்ல புதையாது டொக்டர். புதைஞ்சாலும் நாங்கள் ரெண்டு பேரும் தூக்கலாம்" என்றார்.

நான்காம் நாள் காலை, அடுத்த மாவட்டத்துக்கு என்று நிர்மலன் விடுதி அலுமாரியில் வைத்திருந்த பட்டைப் பெட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓட்டோ புதையவில்லை. குளக்கரைக்கு எதிரில் கிளச் கம்பி அறுந்து கொஞ்ச நேரம் நின்றோம், அவ்வளவுதான்.

றமீசா அடுப்படியில் இருந்தார். அடுப்பு எரியவில்லை. இடியப்பத் தட்டுகள் சுவரில் சாய்த்துக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் கதிரை போடவில்லை, தேநீர் என்ற பேச்சும் இல்லை. "இன்னும் என்ன பாக்க வந்தனீங்கள்?" என்றார்.

"ஊரைக் கூப்பிடுங்கள் ராத்தா" என்றேன். "ஒரு ஆள் மிச்சமில்லாமல் கூப்பிடுங்கள்."

"முந்தநாள் கூடினது போதாதோ?"

அன்ரன்தான் தெருவில் இறங்கி ஓட்டோவின் ஹோர்னை விடாமல் அடித்தார். நல்லதற்குக் கூப்பிட்டால் ஊர் யோசிக்கும், சத்தம் கேட்டால் உடனே வரும். பரீதா வேலிக்கு அந்தப் பக்கம் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றாள். மதியத்து லுகர்த் தொழுகைக்கு நேரமிருக்கிறது என்று மௌலவியும் வந்தார்.

அன்ரனைக் கூப்பிட்டு ஒரு பட்டையின் நுனியை விரலால் பிடிக்கச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் இல்லை, கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில்தான் நனைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கோடு வந்தது. சிவப்பு.

"ஐயோ டொக்டர்! நான் கிழமைக்குக் கிழமை பூசைக்குப் போற மனுசன்! எனக்குமோ?"

யாரோ சிரித்தார்கள். அடுத்து, லேண்ட்மாஸ்டர் கொண்டுவந்து வானை இழுத்தவர் தானாக முன்னால் வந்தார். சிவப்பு. பள்ளிவாசல் பக்கம் வெற்றிலை விற்கிறவர், சிவப்பு. ஒரு பெண் தன் கைக்குழந்தையின் விரலைப் பிடித்து வைத்தாள். அதுவும் சிவப்பு. அப்போதுதான் ஊர் நெருங்கி வந்தது. மௌலவி, "நான் ஒளு செய்துபோட்டு வைக்கிறன்" என்று சொல்லி மணிக்கட்டுவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து பட்டையைப் பிடித்தார். கோடு கொஞ்சம் மெலிதாக வந்தது, ஆனால் வந்தது. மௌலவி பட்டையை உயரப் பிடித்து, "அல்லாஹ் மனுசருக்குக் குடுத்த கை இதுதான். இதுக்கு மேல ஆருக்கும் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை" என்றார்.

பரீதா மட்டும் வரவில்லை.

"எல்லாரும் வச்சாச்சு. நீயும் வை" என்றார் றமீசா. அன்றைக்கு அவர் பேசிய குரலில் அதுதான் பழைய குரல்.

பரீதா வைத்தாள். எல்லோருடையதைவிடவும் அடர்த்தியாகச் சிவந்தது. அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். "அப்ப நானும் கடை போடலாம்போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊர் சிரித்த சிரிப்பில் கிணற்றுக் கட்டிலிருந்த காகங்கள் பறந்தன.

அந்த நேரம் பார்த்து நிர்மலன் வானில் வந்து இறங்கினார். இந்தத் தடவை மணலில் புதையவில்லை, துரதிர்ஷ்டம். பெட்டியைப் பார்த்தார், பெட்டிக்குள் பார்த்தார். "மேடம், இது அடுத்த மாவட்டத்துக்கு வச்ச ஸ்டொக்! இது திட்டத்தையே முடிச்சுப்போடும்!" என்று கத்தினார். அவர் கையில் ஒரு பட்டையை வைத்துக் கொடுத்தேன். கோபத்தில் கவனிக்காமல் பிடித்துக்கொண்டார். போத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். சமூகத்தின் நடுவில் நின்று தன் கையிலிருந்த பட்டையும் சிவப்பதைப் பார்த்தபிறகு அவர் அன்றைக்கு வேறு ஒன்றும் பேசவில்லை.

கடைசிப் பட்டை எனக்கு. அத்தனை வருடங்களில் நான் என் கத்தரிக்கோலை வெறும் விரலால் தொட்டதே இல்லை. கையுறையைக் கழற்றினேன். நுனியைப் பிடித்தேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். இந்தக் கதை வெளியே போனால் அந்தப் பட்டையை இனி ஒருவரும் வாங்கமாட்டார்கள். என் வழிகாட்டி உயிரோடிருந்தால் பத்திரத்தைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டம்மா என்பார். என் விரலுக்கும் கோடு வந்தது. ஊரில் எல்லோருக்கும் வந்த அதே சிவப்பு. அதை றமீசாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

விடுதிக்குத் திரும்பி அறிக்கையை எழுதினேன். கிணறு நல்லது, பட்டை பொது மக்கள் கையில் கொடுக்கத் தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் ஒன்றும் அனுப்பவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கேரட் வந்தது.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் அன்ரனிடம், ரயிலுக்கு நேரமிருக்கிறது, முசலிப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்றேன். அவருக்குப் புரிந்தது. மன்னாருக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்றைக்காவது அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, மீன் சொதி ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு வராது. சாப்பிட்டால் போதும் என்று நினைத்தேன்.

வெயில் ஏறியிருந்தது. கிணற்றுக் கட்டில் சிவப்புப் பெருக்கல் குறியின் மேல் கழுவிய இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்துக் காயப் போட்டிருந்தார்கள். குறியில் பாதிதான் வெளியே தெரிந்தது. றமீசா முற்றத்தில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கோழிகள் மாத்துணுக்கைக் கொத்திக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுது டொக்டர்" என்றார் தலையை நிமிர்த்தாமலே. "விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் வந்து வாங்கிக்கொண்டு போட்டினம். பரீதாவுக்கே ரெண்டு குறைச்சுத்தான் குடுத்தனான். நீங்கள் நேரத்தோட வந்திருக்கலாம்தானே."

"பரவாயில்லை" என்றேன்.

"அண்டைக்கு இருந்தது. நீங்கள்தான் வேண்டாமெண்டனீங்கள்."

அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் இறைத்து, ஒரு செம்பு நிறைய எனக்குக் கொடுத்தார். விளிம்பைத் தன் கையாலேயே துடைத்துக் கொடுத்தார். குடித்தேன். தண்ணீர் இனித்தது. அவர் இடியப்பம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.